எரிந்தது ஆலை, நிற்கவில்லை போர்

எந்த நாட்டில் போர் நடந்தாலும் சரி, எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஒன்று பற்றி எரியும் படம் வெளிவந்த அன்று இரவே தொலைக்காட்சி விவாதங்களில் தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. எண்ணெய் போனால் எல்லாம் போயிற்று. டாங்கி நகராது, விமானம் எழும்பாது, இன்னும் சில வாரங்களில் எதிரி மண்டியிடுவான் என்கிறார்கள். படைத்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர்கள் சொல்கிறார்கள், நாளிதழ்களின் நடுப்பக்கக் கட்டுரைகள் சொல்கின்றன, டீக்கடையில் பேப்பர் படிப்பவரும் சொல்கிறார். கூடவே இன்னொன்றையும் சேர்த்துக்கொள்கிறார்கள்: ஊர்களின் மேல் குண்டு போடுவதைவிட இது எவ்வளவோ மேல், இரும்பும் எண்ணெயும்தானே எரிகின்றன, மனிதர்கள் இல்லையே.

இந்த இரண்டு நம்பிக்கைகளுமே தவறு. இரண்டாம் உலகப் போர் தொடங்கி இன்றுவரையான வரலாறு இவற்றை மறுத்துக்கொண்டே வந்திருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு போரிலும் இவை புதிதாகப் பிறக்கின்றன. வெறும் கருத்துப் பிழை என்று இதை விட்டுவிட முடியாது. "ஒரே அடியில் முடித்துவிடலாம்" என்று நம்பிய தளபதிகள் இந்த நம்பிக்கையின் பேரில் இளைஞர்களைச் சாவுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

1943 ஆகஸ்ட் 1, ஞாயிற்றுக்கிழமை. லிபியாவில் பெங்காசியைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து அமெரிக்காவின் பி-24 லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் 177 புறப்பட்டன. போக வேண்டிய இடம் ருமேனியாவின் ப்ளோயெஸ்தி. ஜெர்மனியும் அதன் கூட்டாளிகளும் எரித்த எண்ணெயில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த ஒரு நகரைச் சுற்றியிருந்த ஆலைகளிலிருந்து வந்தது. ஆகவே அதை ஒரே நாளில், ஒரே வீச்சில் அழித்துவிட வேண்டும் என்று திட்டமிட்டார்கள். பாலைவன மணலில் ஆலைகளின் அமைப்பை அப்படியே கோடு போட்டு வைத்து ஒத்திகை பார்த்தார்கள். உயரத்திலிருந்து குண்டு வீசுவதற்காகவே கட்டப்பட்ட அந்தக் கனத்த விமானங்கள், ராடாருக்குத் தப்புவதற்காக மரங்களின் தலையை உரசுகிற உயரத்தில் பறக்க வேண்டும் என்பது உத்தரவு.

முன்னால் சென்ற குழு தர்கோவிஷ்தே என்ற ஊரருகே தவறான இடத்தில் திரும்பி, புக்கரெஸ்டை நோக்கிப் போய்விட்டது. அதன் பிறகு திட்டம் திட்டமாக இல்லை. ஒவ்வொரு குழுவும் ஒவ்வொரு திசையிலிருந்து வந்து நுழைந்தது. தங்களுக்குக் குறிக்கப்பட்ட ஆலையை வேறொரு குழு ஏற்கெனவே தாக்கிவிட்டுப் போயிருந்ததைச் சில விமானிகள் கண்டார்கள். தாமதமாக வெடிக்கும்படி அமைக்கப்பட்டிருந்த அந்தக் குண்டுகள் இவர்கள் மேலே பறக்கும்போது கீழே வெடித்தன. தண்டவாளத்தில் இவர்களோடு போட்டியிட்டு ஓடிவந்த சாதாரணச் சரக்கு ரயிலின் பெட்டிச் சுவர்கள் சரிந்தன; உள்ளே விமான எதிர்ப்புப் பீரங்கிகள். பயிர் விளைந்த வயல்களுக்கு மேலே, கைக்கெட்டும் தூரம் என்று சொல்லத்தக்க உயரத்தில், பீரங்கிக்கும் விமானத்துக்கும் நேருக்கு நேர் சண்டை நடந்தது. புகைபோக்கிகளும், தடுப்பு பலூன்களின் இரும்புக் கம்பிகளும், எரியும் எண்ணெயின் கரும்புகையும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 54 விமானங்கள் அழிந்தன. 310 பேர் இறந்தார்கள். அமெரிக்காவின் மிக உயர்ந்த படைவிருது ஐந்து பேருக்குக் கொடுக்கப்பட்டது. அவர்களில் மூவர் அதைப் பெற உயிருடன் இல்லை.

அந்த விமானிகளின் வீரத்தைக் குறைத்துச் சொல்ல எவருக்கும் தகுதி கிடையாது. அவர்களை அனுப்பிய கணக்கைத்தான் குறை சொல்கிறேன். ஆலைகளின் மொத்தத் திறனில் ஏறத்தாழ 40 விழுக்காடு அடிபட்டதாக மதிப்பிட்டார்கள். கம்பீனாவில் இருந்த ஸ்தெயாவா ரொமானா ஆலையும் பிராசியில் இருந்த ஆலையும் உண்மையிலேயே செயலிழந்தன. ஆனால் ப்ளோயெஸ்தியின் ஆலைகள் முழுத் திறனில் ஓடிக்கொண்டிருக்கவே இல்லை. கிணறுகளிலிருந்து வந்த கச்சா எண்ணெயைவிட அதைக் காய்ச்சி வடிக்கும் வசதி அதிகமாக இருந்தது. சும்மா கிடந்த பகுதிகளைத் தட்டி எழுப்பினார்கள். சில வாரங்களில் உற்பத்தி பழைய அளவுக்கு வந்துவிட்டது. அடுத்த தாக்குதலுக்கு அமெரிக்க விமானங்கள் அங்கே திரும்பியது 1944 ஏப்ரல் 5 அன்று, எட்டு மாதங்களுக்குப் பின்னால்.

இந்த எட்டு மாதத்தை "ஒரே அடி"க் கட்சியினர் எப்போதும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

சுத்திகரிப்பு ஆலையை வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குக் கண்ணில் படுவது வட்டமான பெரிய எண்ணெய்த் தாங்கிகள். எரியும்போது கோரமாக எரிவதும் அவைதான். பல நாள் நிற்கும் புகையும், செயற்கைக்கோள் படத்தில் தெரியும் கறுப்பும் அவற்றுடையவை. ஆனால் தாங்கி என்பது சரக்கு வைக்கும் இடம் மட்டுமே. எரிந்தால் அதிலிருந்த சரக்கு போகும். ஆலையின் வேலை நிற்காது. வேலை நடப்பது வேறு இடத்தில்: காய்ச்சி வடிக்கும் கோபுரங்கள், பாய்லர்கள், பம்புகள், கம்ப்ரசர்கள், இவற்றுக்கு இடையே பின்னிக் கிடக்கும் குழாய்கள், வால்வுகள். இவை சிறியவை, பரவிக் கிடப்பவை, பெரும்பாலும் தனித்தனியே மாற்றக்கூடியவை. தடித்த இரும்பில் செய்த கோபுரம் பக்கத்தில் குண்டு வெடித்தாலும் பெரும்பாலும் தாங்கி நிற்கும். உடைந்த குழாயை வெட்டி எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைக்கலாம். பம்ப் எரிந்தால் சேதப்பட்ட வேறோர் ஆலையிலிருந்து கழற்றி வந்து மாட்டலாம். ப்ளோயெஸ்தியின் பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த ஜெர்மானியத் தளபதி கெர்ஸ்டன்பெர்க், ஆலைகளை ஒன்றோடொன்று இணைக்கும் குழாய்ப் பாதையை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். ஓர் ஆலை விழுந்தால் அதற்கு வர வேண்டிய எண்ணெய் மற்றோர் ஆலைக்குத் திரும்பும். நெருப்பின் உயரத்தை வைத்து இழப்பை அளப்பவர்கள் இந்தக் குழாய்களைப் பார்ப்பதில்லை.

நம் நாட்டிலும் இதே பிழையான அளவுகோல் இருக்கிறது. 1971 டிசம்பரில் கராச்சியின் கீமாரி எண்ணெய்த் தாங்கிகளை இந்திய விமானப்படையும் கடற்படையும் தாக்கின. அந்த நெருப்பைப் பற்றிப் பேசாமல் நம் கடற்படை நாள் கழிவதில்லை. கராச்சித் துறைமுகத்தை முடக்கியது பெரிய சாதனைதான், ஐயமில்லை. ஆனால் போர் முடிந்தது கராச்சியில் அல்ல, டாக்காவில். டிசம்பர் 16 அன்று பாகிஸ்தான் படை சரணடைந்ததற்குக் காரணம், கிழக்கே அதைச் சுற்றி வளைத்திருந்த இந்தியத் தரைப்படையும் வங்கதேச விடுதலைப் படையான முக்தி வாஹினியும், பாகிஸ்தான் படைக்கு ஒத்துழைக்க மறுத்த ஒரு மக்கள் கூட்டமும். கீமாரியின் புகை அந்தக் கணக்கில் ஓரமாகத்தான் வரும்.

இந்த இடத்தில் எதிர்த்தரப்பு 1944இன் ஜெர்மனியைக் கொண்டுவந்து நிறுத்தும். நிறுத்தட்டும். அவர்களிடம் இருப்பதிலேயே வலுவான சான்று அதுதான், அதைத் தட்டிக்கழிக்கக் கூடாது.

1944 மே 12 அன்று அமெரிக்காவின் எட்டாம் விமானப்படை, 800க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களுடன் லொய்னா, போலன், சைட்ஸ், ப்ரூக்ஸ் முதலிய இடங்களில் இருந்த செயற்கை எரிபொருள் ஆலைகளைத் தாக்கியது. நிலக்கரியை ஹைட்ரஜனோடு சேர்த்துக் கடும் அழுத்தத்தில் பெட்ரோல் ஆக்கும் ஆலைகள் இவை. ஜெர்மனியின் விமானப் பெட்ரோலில் பெரும்பகுதி இவற்றிலிருந்து வந்தது. ஹிட்லரின் போர்த்தளவாட அமைச்சர் ஆல்பர்ட் ஷ்பேர், தொழில்நுட்பப் போர் முடிவாகிவிட்ட நாள் என்று பிற்காலத்தில் தன் நினைவுக்குறிப்புகளில் இந்த நாளையே சுட்டினார். "பார்த்தீர்களா, ஒரே நாள்!" என்பார்கள்.

அதே ஷ்பேர் அதே நூலில் இன்னொன்றும் சொல்கிறார். எதிரியின் விமானத் தலைமையும் தங்களுடையதைப் போலவே ஒன்றைத் தொட்டு ஒன்றை விடுகிற தலைமையாக இருந்தால்தான் தாங்கள் பிழைக்க முடியும் என்ற நிலையில் அன்று இருந்ததாக. மே 12இல் விழுந்த குண்டுகளைவிட, எதிரி திரும்பி வருவானா என்ற கேள்விதான் அவரை உலுக்கியிருக்கிறது.

லொய்னாவின் நாட்குறிப்பைப் பார்த்தால் அது ஏன் என்று புரியும். மே 12இல் ஆலை முழுதாக நின்றது. பத்து நாளில் ஓரளவு ஓடத் தொடங்கியது. மே 28இல் மறுபடி அடித்தார்கள், மறுபடி நின்றது. ஜூன் 3இல் மறுபடி ஓடியது. ஜூலைத் தொடக்கத்தில் முக்கால் பங்கு திறனை எட்டிவிட்டது! இரண்டே மாதத்துக்குள், இரண்டு பெரும் தாக்குதல்களுக்குப் பிறகு, முக்கால் பங்கு. ஜூலை 7இல் மீண்டும் அடி. இரண்டு நாளில் மீண்டும் ஓட்டம். ஜூலை 19இல் பாதிக்குச் சற்று மேல் உற்பத்தி. அடுத்த நாளே அடுத்த அடி. மூன்று நாளில் மீண்டும் ஓட்டம், ஒரு வாரத்தில் மூன்றில் ஒரு பங்கு உற்பத்தி. இப்படியே போர் முடியும் வரை. அந்த ஒரே ஆலையை 22 முறை தாக்கினார்கள். 6,552 விமானப் பறப்புகள், 18,000 டன்னுக்கும் மேலான குண்டுகள். அவற்றில் பத்தில் ஒன்றோ அதற்குச் சற்று மேலோதான் ஆலையின் வேலிக்குள் விழுந்தன. இவ்வளவும் செய்த பிறகு அந்த ஓராண்டில் லொய்னாவின் சராசரி உற்பத்தி அதன் திறனில் 9 விழுக்காடாக இருந்தது. அப்போதுகூடச் சுழியம் ஆகவில்லை.

பலன் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஜெர்மனியின் விமானப் பெட்ரோல் உற்பத்தி 1944 ஏப்ரலில் 1,75,000 டன், ஜூலையில் 30,000, செப்டம்பரில் 5,000. அந்த ஆண்டு ஜெர்மனி ஏறத்தாழ 40,000 விமானங்களைச் செய்து குவித்தது, பறக்க வைக்கப் பெட்ரோல் இல்லை. பயிற்சி விமானிகளின் பறப்பு நேரம் வெட்டப்பட்டது. போதிய பயிற்சி இல்லாத பையன்கள் சண்டைக்கு அனுப்பப்பட்டு முதல் சில பறப்புகளிலேயே வீழ்ந்தார்கள். ஆனால் இந்தப் பலனுக்கு முன்னால் எத்தனை நிபந்தனைகள் நிறைவேற வேண்டியிருந்தன என்று பாருங்கள். தொலைதூரம் துணைக்கு வரும் மஸ்டாங் போன்ற சண்டை விமானங்கள் ஜெர்மானிய வானத்தை அதற்கு முன்பே கைப்பற்றியிருந்தன. எந்த ஆலை எப்போது மறுபடி ஓடத் தொடங்குகிறது என்பதை உளவு விமானங்களின் படங்களும், உடைத்துப் படிக்கப்பட்ட ஜெர்மானியச் சங்கேதச் செய்திகளும் சொல்லிக்கொண்டிருந்தன. கிழக்கிலிருந்து செம்படை வந்துகொண்டிருந்தது. ப்ளோயெஸ்தியையும் கடைசியில் மூடியது அந்தப் படைதான். 1944 ஏப்ரல் முதல் ஆகஸ்ட் வரை 5,000க்கும் மேற்பட்ட பறப்புகளையும் 200க்கும் மேற்பட்ட குண்டுவீச்சு விமானங்களையும் செலவிட்டு அங்கே உற்பத்தியைக் குறைத்தார்கள். ஆகஸ்ட் 30 அன்று சோவியத் சிப்பாய்கள் உள்ளே நுழைந்த பிறகுதான் ஜெர்மனிக்கு ருமேனிய எண்ணெய் இல்லை என்றாயிற்று.

இந்த நிபந்தனைகள் இல்லாதபோது என்ன நடந்தது என்பதற்கும் சான்று உண்டு. 1940இல் பிரிட்டன் ஜெர்மனியின் எண்ணெய் ஆலைகளை இரவில் போய்த் தாக்கியது. கெல்சன்கிர்ஹனில் இரண்டு ஆலைகளின் மேல் 250 டன்னுக்கும் மேலான குண்டுகளை வீசியதாகக் கணக்கு எழுதினார்கள். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் நேரத்தில் எடுத்த வான்படங்களில் இரண்டு ஆலைகளும் பெரிய சேதமின்றி நின்றன. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைத் தலைவர் ஹாரிஸ் பின்னாளில் எண்ணெய் இலக்குகளை எல்லாம் சர்வரோக நிவாரணி என்று ஒதுக்கித் தள்ளியதற்கு இந்த அனுபவமும் ஒரு காரணம். ஊர்களை எரிப்பதே வழி என்று அதிலிருந்து அவர் கண்ட முடிவு கொடுமையானது. அது வேறு வழக்கு.

இனி அந்த "மனிதர்கள் இல்லையே" என்ற பேச்சு. இதைக் கேட்கும்போதுதான் எனக்கு ஆத்திரம் வருகிறது. லொய்னாவை ஒவ்வொரு முறையும் ஓட வைத்தது யார்? அங்கே வேலை செய்த ஏறத்தாழ 35,000 பேரில் 10,000 பேர் கைதிகளும் அடிமைத் தொழிலாளர்களும். ஆலைகளைச் சீர்செய்வதற்கென்றே எட்மண்ட் கைலன்பெர்க் என்ற அதிகாரியின் கீழ் ஒரு தனி அமைப்பை ஷ்பேர் உருவாக்கினார். அதன் கையில் 3,50,000 பேர் வரை இருந்தார்கள். போலந்திலிருந்தும் உக்ரைனிலிருந்தும் இழுத்து வரப்பட்டவர்கள், போர்க்கைதிகள், வதைமுகாம்களில் இருந்து கொண்டுவரப்பட்டவர்கள். வெடிக்காத குண்டுகள் கிடக்கும் இடிபாட்டில் இவர்களே முதலில் இறங்க வேண்டும். குண்டுவீச்சின்போது பதுங்கு குழிகள் இவர்களுக்கு இல்லை. விடாமல் தாக்கினால்தான் பலன் என்று சொல்லும்போது, இவர்களை விடாமல் மறுபடி மறுபடி குண்டுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துவோம் என்றும் சேர்த்தே சொல்லியாக வேண்டும். ஹிட்லரை வீழ்த்த அந்த விலை தகும் என்று ஒருவர் வாதிடலாம். நானும் அதை மறுத்துவிட மாட்டேன். விலையே இல்லை என்று மட்டும் எவரும் வாதிடக் கூடாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பிந்திய உலகில் இந்த நம்பிக்கைக்கு நேர்ந்த பெரிய சோதனை ஈரான்–ஈராக் போர். 1980 செப்டம்பரில் போர் தொடங்கிய சில நாட்களிலேயே ஆபதான் ஆலை ஈராக்கின் பீரங்கிகளாலும் விமானங்களாலும் தாக்கப்பட்டு எரிந்தது. நாளொன்றுக்கு 6 லட்சம் பீப்பாய்க்கும் மேல் சுத்திகரித்த ஆலை. அன்று உலகின் மிகப்பெரிய ஆலைகளில் ஒன்று. ஆலை உண்மையிலேயே அழிந்தது, சந்தேகமே இல்லை. ஈரான் ரேஷன் அட்டை கொடுத்தது, பெட்ரோலை வெளியிலிருந்து வாங்கியது, போரை எட்டு ஆண்டுகள் நடத்தியது. 1985இலிருந்து கார்க் தீவின் ஏற்றுமதி முனையத்தை ஈராக் விமானங்கள் திரும்பத் திரும்பத் தாக்கின. ஈரான் எண்ணெயைச் சிறு கப்பல்களில் ஏற்றித் தெற்கே சிர்ரி தீவுக்குக் கொண்டுபோய் விற்றது. சிர்ரி அடிபட்டதும் இன்னும் தள்ளி லாரக் தீவுக்குப் போனது. 2019 செப்டம்பர் 14 அன்று சவூதியின் அப்கைக் எண்ணெய் ஆலை தாக்கப்பட்டபோது நாளொன்றுக்கு 57 லட்சம் பீப்பாய் உற்பத்தி நின்றது, உலகச் சந்தையே நடுங்கியது. சில வாரங்களில் சவூதி உற்பத்தி மீண்டுவிட்டது.

மீண்டும் இரண்டாம் உலகப் போருக்கு வருவோம். அதில் ஜப்பானின் கதைக்கும் நம் பக்கத்துக் கடலுக்கும் தொடர்பு உண்டு. ஜப்பானின் எண்ணெய்க்கு உயிர்நாடி சுமத்ராவின் பலெம்பாங். 1944 ஆகஸ்ட் 10 அன்று திருகோணமலையின் சீனன்குடா விமானத் தளத்திலிருந்து அமெரிக்காவின் பி-29 விமானங்கள் 54 கிளம்பின. போக வர 6,000 கிலோமீட்டருக்கும் அதிகம். அந்தப் போரின் மிக நீண்ட குண்டுவீச்சுப் பயணங்களில் ஒன்று. பலெம்பாங்கின் ப்ளாஜு ஆலைக்குச் சொல்லும்படியான சேதம் இல்லை. 1945 ஜனவரி 16 அன்று அதே திருகோணமலையிலிருந்து பிரிட்டிஷ் பசிபிக் கடற்படை நான்கு விமானந்தாங்கிக் கப்பல்களோடு புறப்பட்டு, 24ஆம் தேதி ப்ளாஜுவையும் 29ஆம் தேதி சுங்கை கெரோங்கையும் தாக்கியது. இந்த முறை அடி நன்றாகவே விழுந்தது. பிரிட்டன் 41 விமானங்களை இழந்தது. பிடிபட்ட விமானிகளில் ஒன்பது பேர் சிங்கப்பூருக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டார்கள். இதைத்தான் ஆள் சேதம் குறைந்த போர்முறை என்கிறார்கள்.

ஆனால் ஜப்பானின் கழுத்தை நெரித்தது பலெம்பாங்கின் நெருப்பு அல்ல. தெற்கிலிருந்து எண்ணெய் ஏற்றி வந்த கப்பல்களை அமெரிக்க நீர்மூழ்கிகளும் விமானங்களும் நடுக்கடலில் மூழ்கடித்தன. 1943இல் ஜப்பானுக்கு வந்த எண்ணெய் 1 கோடியே 45 லட்சம் பீப்பாய். 1944இல் 50 லட்சம். 1945இல் ஒன்றுமே இல்லை. ஊர் ஊராகப் பைன் மர வேர்களைத் தோண்டி எடுத்து, பானைகளில் காய்ச்சி, அந்த எண்ணெயில் விமானம் ஓட்டப் பார்த்தார்கள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வேர் தோண்டினார்கள். கிணறும் ஆலையும் முழுதாக இருந்தாலும், இரண்டுக்கும் நடுவே கடல் மூடிவிட்டால் ஆலையால் பயன் இல்லை.

இந்த நிலையில்தான் 1945 ஜூன் 26 அன்று, குவாம் தீவிலிருந்து கிளம்பிய அமெரிக்காவின் 315ஆவது விமானப் பிரிவு ஜப்பானின் சுத்திகரிப்பு ஆலைகளைத் தனித்துக் குறிவைத்துத் தாக்கத் தொடங்கியது. புதிய வகை ராடார், கைதேர்ந்த குழுக்கள், மிகக் குறைந்த இழப்பு. தொழில் நேர்த்தி என்று பார்த்தால் அந்தப் போரின் மிகச் சிறந்த ஆலைத் தாக்குதல்கள் இவைதான்: 15 இரவுகள், 9,000 டன் குண்டுகள். போருக்குப் பின் அமெரிக்க அரசே அமைத்த குண்டுவீச்சு ஆய்வுக் குழு வந்து பார்த்தபோது, அந்த ஆலைகளில் பெரும்பாலானவை தாக்கப்படுவதற்கு முன்பே காய்ச்சக் கச்சா எண்ணெய் இல்லாமல் சும்மா கிடந்தவை என்று தெரிந்தது.

பதினைந்தாவது இரவு ஆகஸ்ட் 14. அகிதா அருகே சுச்சிசாகி துறைமுகத்தில் இருந்த நிப்பான் ஆயில் ஆலையின் மேல் 130க்கும் மேற்பட்ட பி-29கள் குண்டு போட்டன. ஆலையோடு ஊரும் எரிந்தது. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். மறுநாள் நண்பகல் சரணடைவதாகப் பேரரசர் வானொலியில் அறிவித்தார். போரின் இருட்டில் யாருக்கு என்ன தெரியும் என்று இதற்கும் சமாதானம் சொல்கிறார்கள். ஏற்க முடியாது. எண்ணெய்க் கப்பல்களை மூழ்கடித்தவை அமெரிக்காவின் சொந்த நீர்மூழ்கிகள். எத்தனை கப்பல் மூழ்கியது, இன்னும் எத்தனை மிதக்கிறது என்ற கணக்கை மாதந்தோறும் எழுதி வைத்ததும் அதே அமெரிக்காதான்.